மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல்



மார்ச் முதல் தேதி பல்கேரியாவில் எந்தத் தெருவில் இறங்கினாலும், கைக்குழந்தை முதல் கிழவர் வரை மணிக்கட்டிலோ சட்டையிலோ சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலைப் பார்க்கலாம். அதற்கு மார்தெனித்சா என்று பெயர். மார்ச் மாதத்தையே அவர்கள் ஒரு பாட்டியாக நினைக்கிறார்கள். மார்த்தா பாட்டி சிரித்தால் வெயில், முகம் கோணினால் பனி. இந்த நூலை ஒருவருக்கு இன்னொருவர்தான் கொடுக்க வேண்டும் என்பது மரபு. செங்கால் நாரையையோ தகைவிலானையோ பூத்த மரத்தையோ காணும் வரை அது கையிலேயே கிடக்கும். பிறகு பூத்த கிளையில் கட்டிவிடுவார்கள். ருமேனியா, மால்டோவா, வட மாசிடோனியா ஆகிய நாடுகளுக்கும் உரிய இந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2017இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பல்கேரியாவுக்குப் போகிறவர்களைச் சுற்றுலா விளம்பரங்கள் கருங்கடல் விடுதிகளுக்கும் பான்ஸ்கோ பனிச்சறுக்குக்கும் அழைக்கின்றன. ரிலா மலையிலுள்ள மடாலயத்தை அவசியம் பார்க்க வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனாலும் அந்த நாட்டின் உண்மையான அழகு அதன் வீடுகளிலும் சாப்பாட்டு மேசையிலும் இருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம். இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் தயிர். 1905இல் ஜெனீவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஸ்தாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய இளைஞர், தம் ஊர்த் தயிரை நுண்ணோக்கியில் வைத்து, பாலை உறையவைக்கும் நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். இன்று லாக்டோபாசிலஸ் பல்கேரிக்கஸ் என்ற பெயரில் அவருடைய நாட்டை உலகமே உச்சரிக்கிறது. அவர் பிறந்த ஸ்துதென் இஸ்வோர் என்ற சிற்றூரில் தயிருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஜப்பானில் 1973 முதல் ஒரு தயிர் 'பல்கேரியா' என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. கெட்டியாக, நல்ல புளிப்போடு இருக்கும் இந்தத் தயிர் அங்கே எல்லாவற்றிலும் கலக்கிறது. தண்ணீர் விட்டுக் கரைத்து, வெள்ளரிக்காய், பூண்டு, சோயிக்கீரை, அக்ரூட் பருப்பு சேர்த்துக் குளிர்ந்த சூப்பாகக் குடிப்பது தாராத்தோர். கோடைக்கு அதைவிட நல்ல மதிய உணவு எனக்குத் தெரியவில்லை.

காலையில் பானித்சா. தாள்போல் மெல்லிய மாவு அடுக்குகளுக்கு நடுவே முட்டையும் சிரெனே என்ற உப்பு வெண்பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டது. தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் கெட்டியான போசா என்ற பானத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வார்கள். புத்தாண்டு இரவில் இதே பானித்சாவுக்குள் வாழ்த்து எழுதிய துண்டுச் சீட்டுகளைச் செருகிவைப்பது வழக்கம். யார் பங்கில் எது வருகிறதோ அதுவே அவர்களுக்கு அந்த ஆண்டின் பலன். தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் நறுக்கி மேலே சிரெனேயைத் துருவிப்போடும் ஷோப்ஸ்கா சாலட் எல்லா உணவகத்திலும் கிடைக்கும்.

சைவர்கள் என்ன செய்வது என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களான பல்கேரியர்கள் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் இறைச்சி, பால், முட்டை தொடாத உணவைப் 'பொஸ்னோ' என்பார்கள். கடையில் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். மடாலயப் பாணி பீன்ஸ் சூப் பெரும்பாலும் அந்த வகைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தும் அப்படியே: இறைச்சி கிடையாது, பதார்த்தங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், சாப்பிட்ட பின் மேசையை விடியும் வரை எடுத்துவைக்கவும் மாட்டார்கள்.

மேசையில் உட்கார்ந்தால் பேசவும் வேண்டுமே. ஆம் என்பதற்குத் தலையை இடவலமாக அசைப்பதும், இல்லையென்பதற்கு மேலும் கீழுமாக அசைப்பதும் அங்கே பழைய வழக்கம். வெளிநாட்டவருக்காக மாற்றி அசைப்பவர்களும் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். தலையைப் பார்க்காதீர்கள், 'தா' என்றால் ஆம், 'நே' என்றால் இல்லை. சிரில்லிக் எழுத்துகளையும் புறப்படும் முன்பே படித்துக்கொள்ளுங்கள். ஆங்கில 'பி' போல் தெரிவது 'ர்', 'எச்' போல் தெரிவது 'ந்', 'சி' போல் தெரிவது 'ஸ்'. பல்கேரியப் பேரரசில் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான எழுத்து இது. மே 24ஆம் தேதியை எழுத்துக்கும் கல்விக்குமான விடுமுறையாகக் கொண்டாடும் மக்களுக்கு, நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பதே பெரிய மரியாதை.

அப்படிப் படிக்கத் தொடங்கினால், வீட்டுக் கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் படத்தோடு ஒட்டிய சிறு தாள்கள் கண்ணில் படும். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிபோல, இறந்தவர்களை 40ஆம் நாள், ஆறு மாதம், ஓராண்டு என்று நினைவுகூரும் அறிவிப்புகள் அவை. சில கிராமங்களில் இருக்கும் ஆட்களைவிட இந்தத் தாள்களே அதிகமோ என்று தோன்றும். 1980களின் இறுதியில் ஏறத்தாழ 90 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சமாகக் குறைந்துவிட்டது. பிழைப்புக்காக மேற்கு ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகளுக்கு மார்தெனித்சாவைத் தபாலில் அனுப்பும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அதனால்தான் நகரத்தோடு திரும்பிவிடாமல் ஒரு சிற்றூருக்காவது போய், அங்கே ஒரு வேளை சாப்பிட்டு, இரவு தங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கொடுக்கும் பணம் அந்த ஊருக்கே போய்ச் சேரும்.

போவதற்கு ஏற்ற காலம் மே பிற்பகுதியும் ஜூன் தொடக்கமும். கசன்லக் பள்ளத்தாக்கில் விடியலிலேயே ரோஜா பறிப்பார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேல் இதழ்கள் வேண்டும். 2025 ஜனவரி முதல் பல்கேரியா முழுமையாக ஷெங்கன் வட்டத்தில் இருப்பதால் ஷெங்கன் விசாவே போதும். 2026 ஜனவரி 1 முதல் நாணயம் யூரோ. பழைய லெவா தாள்களை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். போய் வந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழ்களில் வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்