சரணடையத் தெரியாத பகைவர்கள்

வீரனின் பெருமையைப் பகைவனின் பெருமை கொண்டு அளப்பது நம் இலக்கிய மரபு. கம்பனின் இராவணனைச் சிறியவனாக்கினால் இராமனின் வெற்றியும் சிறுத்துப்போகும். புறப்பொருள் வெண்பாமாலை கோட்டையை முற்றுகையிடுவோர்க்கு உழிஞையைத் தந்ததோடு நின்றுவிடவில்லை. காத்து நிற்போர்க்கு நொச்சி என்று தனித் திணையே வகுத்தது. இதே அளவுகோலை இக்காலத்தின் கதைவடிவங்களுள் ஒன்றான கணினி விளையாட்டின் மீது வைத்துப் பார்க்க விரும்புகிறோம். குறிப்பாக, ரோல் பிளேயிங் கேம் என்று வழங்கப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகள். ஆடுபவர் இவற்றில் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒரு கற்பனை நாட்டில் நூறு மணி நேரத்துக்கு மேலும் உலவுகிறார். மலையும் பனியும் ஊரும் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு தீட்டப்பட்டிருக்கின்றன. எதிரில் வாளேந்தி நிற்பவன் மட்டும் பெரும்பாலும் மரப்பாவையாகவே இருக்கிறான்.

பெதஸ்டா நிறுவனத்தின் 'ஸ்கைரிம்' (2011) புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. மறைவிலிருந்து எய்த அம்பு கொள்ளையன் ஒருவனின் உடலில் தைத்து நிற்கிறது. அவன் சிறிது நேரம் அங்குமிங்கும் தேடுகிறான். பிறகு எல்லாம் மனமயக்கம் என்று தேறி, தைத்த அம்போடு பழைய காவலுக்கே திரும்புகிறான். 'பால்டர்ஸ் கேட் 2' (2000) விளையாட்டில், எதிரியின் பார்வைக்கு எட்டாத தொலைவிலிருந்து நச்சுப்புகை மந்திரத்தை ஏவினால், பகைவர் பலர் நின்ற இடத்திலேயே நின்று மடிவர். புகையை விட்டு வெளியே நடக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' (2004) காட்டும் பகையோ இன்னும் விந்தையானது. துரத்தி வரும் விலங்கு கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையைத் தாண்டியதும் திரும்பி ஓடுகிறது. இருப்பிடம் சேர்ந்ததும் காயங்களும் ஆறிவிடுகின்றன, பகையும் மறந்துபோகிறது.

இந்த வெறுமையைப் படைப்பாளிகள் எண்களால் நிரப்புகிறார்கள். 'ஆப்லிவியன்' (2006) விளையாட்டில் ஆடுபவரின் தகுதிநிலை உயர உயர, எதிரிகளின் நிலையும் கூடவே உயரும். விளைவாக, வழிப்பறி செய்பவன் மிக அரிய கண்ணாடிக் கவசத்தை அணிந்துகொண்டு நம்மிடம் 100 பொற்காசு கேட்டு மிரட்டுகிறான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் செல்வனாகியிருப்பான். 'ஸ்கைரிம்' விளையாட்டில் 2013இல் சேர்க்கப்பட்ட மிகக் கடின நிலையில், நம் வாள்வீச்சின் வலிமை கால் பங்காகக் குறைகிறது. எதிரியின் அடி மூன்று மடங்காகிறது. அவனுடைய அறிவில் மாற்றமேதும் இல்லை. அதே மூடன் நீண்ட நேரம் சாகாமல் நிற்கிறான், அவ்வளவே.

கணினிக்கு இதற்கு மேல் இயலாதா? 1997இல் டீப் புளூ சதுரங்கத்தில் காஸ்பரோவை வென்றது. 2016இல் ஆல்ஃபாகோ, லீ செடோலை 4-1 என்ற கணக்கில் வீழ்த்தியது. ஆனால் இவை வெல்வதற்கென்றே செய்யப்பட்டவை; விளையாட்டின் பகைவனோ தோற்பதற்கென்றே படைக்கப்படுகிறான். அவன் திரையில் இருப்பது சில நொடிகள். அதற்கு எதற்கு அத்தனை உழைப்பு என்று படைப்பாளிகள் கேட்பதில் நியாயமில்லாமல் இல்லை. 'ஹேலோ' (2001) என்ற சுடுதல் விளையாட்டை ஆக்கியவர்கள் தம் சோதனையில் ஒன்றைக் கண்டனர்: எளிதில் சாகாத எதிரியையே ஆடுவோர் அறிவாளி என்று கருதினர். அறிவைப் புகட்டுவதைவிட ஆயுளைக் கூட்டுவது எளிதல்லவா?

ஆயினும் பாத்திரமேற்பு விளையாட்டுக்கு இந்த விடை போதாது என்பது நம் கருத்து. சுடுதல் விளையாட்டு நமக்குத் தருவதாகச் சொல்வது விரைவையும் குறிதவறாமையையும்தான். பாத்திரமேற்பு விளையாட்டோ தேர்வுரிமையைத் தருவதாகச் சொல்கிறது. அருளாளனாக இருப்பதா கொடியவனாக இருப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்கிறது. போர் தொடங்கியதும் அந்த உரிமை பறிபோகிறது. 'ஸ்கைரிம்' விளையாட்டில் உயிர் ஊசலாடும் கொள்ளையன் சில வேளை மண்டியிட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். நாம் வாளைத் தாழ்த்தினால், சில நொடிகளில் எழுந்து மீண்டும் பாய்கிறான். அவனை மன்னிக்க வழியே இல்லை. அவனுக்குச் சாவச்சமும் இல்லை, சொன்ன சொல்லின் நினைவும் இல்லை. அச்சமில்லாதவனைக் கொல்வதில் நமக்கும் பாரமில்லை. நூற்றுக்கணக்கானோரை வெட்டிய பின்னும் நம் பாத்திரம் நல்லவராகவே ஊர் திரும்புகிறது. கதை தரும் அறத்தைப் போர் தின்றுவிடுகிறது.

இக்குறையைக் களைய மாபெரும் கணினியாற்றல் தேவையில்லை. பெரும்பாலும் டோபி ஃபாக்ஸ் என்ற ஒருவரே உருவாக்கிய 'அண்டர்டேல்' (2015), ஒருவரையும் கொல்லாமலே முடிக்கத்தக்க விளையாட்டு. அதன் பகைவர்கள் போர்த்தந்திரத்தில் தேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் இயல்பு உண்டு. அதை அறிந்து நடந்தால் பகை தணிகிறது. 'பால்டர்ஸ் கேட் 2' விளையாட்டுக்கு ஆர்வலர்கள் 'ஸ்வோர்ட் கோஸ்ட் ஸ்ட்ராடஜெம்ஸ்' என்ற இணைப்பை உருவாக்கினார்கள். அதில் மந்திரவாதிகள் காப்பு மந்திரங்களோடு ஆயத்தமாக நிற்பர். பகைவர் தம் கூட்டாளிகளை உதவிக்கு அழைப்பர். ஊதியமின்றி ரசிகர்கள் செய்ததைப் பெருநிறுவனங்களால் செய்ய முடியாதா?

இங்கு 'ஷேடோ ஆஃப் மார்டார்' (2014) விளையாட்டையும் சொல்ல வேண்டும். நம்மிடமிருந்து தப்பிய ஆர்க் தலைவன் தழும்போடு மீண்டும் வருகிறான். பழைய சண்டையை நினைவூட்டிப் பேசுகிறான். நம்மைக் கொன்றவன் பதவி உயர்வு பெறுகிறான். இந்த 'நெமிசிஸ்' முறைக்கு வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 2021இல் காப்புரிமை பெற்றது. அம்முறையை ஆக்கிய மோனோலித் கூடத்தை அதே நிறுவனம் 2025 பிப்ரவரியில் மூடியது. நினைவாற்றல் கொண்ட பகைவனைப் படைத்தவர்கள் கலைந்துவிட்டார்கள். உரிமைப் பத்திரம் மிஞ்சியிருக்கிறது.

'பால்டர்ஸ் கேட் 3' (2023) போன்றவற்றில் பகைவர்கள் நம்மை உயரத்திலிருந்து தள்ளிவிடும் அளவுக்குத் தேர்ந்திருக்கிறார்கள். மகிழ்ச்சியே. இனி உரையாடும் செயற்கை நுண்ணறிவைப் புகுத்தினால் பகைவரும் உயிர்பெறுவர் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. பேச்சுத்திறன் அவர்களின் முதற்குறை அன்று என்றே நாம் கருதுகிறோம். அடிபட்டதை நினைவில் வைக்கவும், அஞ்சி ஓடவும், சரணடைந்தால் சொல்லைக் காக்கவும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகே அவர்களைக் கொல்வதும் விடுவதும் நம்முடைய முடிவாக இருக்கும்.