சிறிய தொடை எலும்பும் செயற்கை இடுப்பு மூட்டும்: 20 ஆண்டுகளுக்குப் பின் நிலை என்ன?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு அறிவுறுத்தப்பட்டோர் முதலில் கேட்பது, பொருத்தப்படும் மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதே. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, 100 மூட்டுகளில் ஏறத்தாழ 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் நீடிக்கும் என மதிப்பிட்டது. இது பொதுவான சராசரி. தொடை எலும்பு சிறியதாக உள்ளோர் இதனை அப்படியே தமக்குரியதாகக் கொள்ளலாகாது.

பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரிவர அமையாதோர், இளம்பருவ மூட்டுவாதத்தால் பாதிக்கப்பட்டோர், உயரம் மிகக் குறைந்தோர் ஆகியோருக்குத் தொடை எலும்பின் உட்குழல் பெரும்பாலும் குறுகலாக இருக்கும். வழக்கமான அளவுள்ள உலோகத் தண்டைச் செலுத்தினால் எலும்பில் விரிசல் விழக்கூடும். இவர்களுக்கெனச் சிறிய அளவுத் தண்டுகள் உள்ளன. ஆயினும் கவலைக்குரியது தண்டு மட்டுமன்று. இடுப்புக் குழியும் சிறியதாயின் கிண்ணம் சிறியதாகும். அதனுள் அமையும் பாலிஎத்திலீன் உறை மெலிந்து, விரைவில் தேயலாம். உறையைத் தடிப்பாக வைக்கச் சிறிய பந்தைத் தெரிவு செய்தால், மூட்டு நழுவும் வாய்ப்பு கூடுகிறது.

அளவு எத்துணை முக்கியம் என்பதை ஏஎஸ்ஆர் விவகாரம் காட்டிற்று. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிப்யூ நிறுவனம், உலோகத்தோடு உலோகம் உரசும் இவ்வகை மூட்டுகளை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. பிரித்தானியப் பதிவேட்டின்படி, 5 ஆண்டுகளுக்குள் 100க்கு 12 முதல் 13 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டிருந்தது. ஏஎஸ்ஆர் மூட்டுகளில், சிறிய அளவுப் பந்து பொருத்தப்பட்டோரிடமும் பெண்களிடமும் தோல்வி மிகுதியாகக் காணப்பட்டது. சிறிய கிண்ணம் பந்தைக் குறைவாகவே மூடுவதால், சற்றே சாய்ந்து அமைந்தாலும் விளிம்பு தேய்ந்து, கோபால்ட், குரோமியம் துகள்கள் உடலில் சேர்கின்றன.

இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் இம்மூட்டு பொருத்தப்பட்டது. 2017இல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்தபோது, சுமார் 3,600 பேர் இருக்குமிடமே தெரியவில்லை. 2018இல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுக்கப்பட்டும், தம் உடலில் இருப்பது எந்த மூட்டு என்று அறியாதோர் அதனைக் கோருவது எங்ஙனம்?

பிள்ளைச்சாவடி போன்ற மீனவ ஊர்களில் இக்கேள்விகளோடு அன்றாட வாழ்க்கையும் சேர்கிறது. தரையில் குந்தி மீன் விற்போரும் வலை சீர் செய்வோரும், எந்த நிலையில் அமர்ந்தால் மூட்டு நழுவும் என்பதை அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். அருகிலுள்ள காலாப்பட்டிலோ, கோரிமேடு ஜிப்மரிலோ, வேறெங்கோ சிகிச்சை பெறினும், ஊடுகதிர்ப் படத்தின் மீது தண்டின் அளவு முன்கூட்டியே கணிக்கப்பட்டதா, சிறிய அளவுகள் அறுவை அரங்கில் ஆயத்தமாக இருக்குமா என வினவலாம். வீடு திரும்புகையில், மூட்டின் பெயர், அளவு, தொகுதி எண் அடங்கிய ஸ்டிக்கரின் நகலைக் கேட்டுப் பெற்றுக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்க. வலி இல்லாவிடினும் மருத்துவர் குறித்த இடைவெளிகளில் படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். உறைத் தேய்மானம் பல ஆண்டுகள் வலியின்றியே வளரும்.