பட்டனை எண்ணாதீங்க, சிலபஸைப் பாருங்க!

ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து பர்மா பஜாருக்கு கால்குலேட்டர் வாங்கக் கிளம்பிட்டீங்களா? அப்பா ஓவர்டைம் பார்த்துக் கொடுத்த காசு, கவனம்! பி.எஸ்சி.க்கு கேஸியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் தாராளம், திட்டவிலக்கம்கூடப் போடும். இன்ஜினீயரிங்கா? மேட்ரிக்ஸ், இன்டக்ரேஷன், மூணு மாறிச் சமன்பாடு எல்லாம் போடுற 991எம்எஸ்தான் சரி. அதுக்கும் மேல போய் புரோகிராமபிள் மாடல் வாங்கினா, அண்ணா பல்கலைக்கழகப் பரீட்சை ஹாலுக்குள்ள விடமாட்டாங்க.

கடையிலேயே 'சைன் 30' தட்டிப் பாருங்க. 0.5 வரணும். மைனஸ் 0.988னு வந்தா கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க. மெஷின் 'ரேடியன்'ல இருக்கு, 'டிகிரி'க்கு மாத்தணும். பரீட்சையில இதைக் கவனிக்காம விட்டா, ஃபார்முலா சரியா இருந்தும் மார்க் போயிடும். கொஸ்டின் பேப்பர் கைக்கு வந்ததும், முதல்ல ஸ்கிரீன் மேல 'டி' இருக்கான்னு பாருங்க பாஸ்!