வெளுத்தது மேல்தோல்தான்

“வெளுத்த பிளாஸ்டிக்குக்கு வைத்தியம் கிடையாது சார். கழற்றிப் போட்டுட்டு லோக்கல்ல ஒண்ணு வாங்கி மாட்டுங்க. இல்லேன்னா பெயிண்ட் அடிச்சிடலாம்.”

பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு எந்தப் பட்டறைக்குப் போனாலும் இந்தத் தீர்ப்பு தயாராக இருக்கிறது. சிலிண்டருக்கு போர் போட்டு இஞ்சினுக்கு மறுஉயிர் கொடுப்பவர்கள், டேங்க் துருவைக் கரைத்தெடுப்பவர்கள், விழுந்து வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்துபவர்கள்கூட, வெளிறிய சைடு பேனலைக் கண்டதும் கையை விரித்துவிடுகிறார்கள். இரும்புக்குக் காட்டும் பொறுமையில் பாதியைக்கூட பிளாஸ்டிக்குக்குக் காட்டுவதில்லை. பழைய நூறு சிசி வண்டிகளைப் பல ஆண்டுகளாகக் கழற்றிப் பூட்டிவருகிறேன். குப்பைக்குப் போன பேனல்களில் நான் பார்த்த அளவில் பாதிக்கு மேல் பிழைத்திருக்க வேண்டியவை. அதனால்தான் இந்தத் தீர்ப்பை மறுத்து எழுதுகிறேன்.

வெயில் குடித்த பிளாஸ்டிக்கில் உயிர் இல்லை என்பதுதான் அவர்களுடைய முதல் வாதம். உயிர் எங்கே போயிற்று என்று பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். பேனலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். வெளிப்புறம் சாம்பல் பூத்துக் கிடக்கும். உட்புறமோ, தூசியைத் துடைத்துவிட்டால், கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்த நிறத்தோடு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் கனம். அந்தக் கனத்தில் வெயில் தின்றது மேலே ஒரு மெல்லிய படலத்தை மட்டுமே.

வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் போய்ச் சேர்கிறது. மேற்பரப்பு வறண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் விடுகிறது. அவற்றில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் நமக்கு வெண்மை தெரிகிறது. எழுதி எழுதிச் சாம்பலாகிப்போன சிலேட்டை ஈரத்துணியால் துடைத்ததும் பளிச்சென்று கறுத்துவிடும் அல்லவா? தண்ணீர் காய்ந்ததும் மறுபடி வெளிறும். பேனலிலும் அதைச் செய்து பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை நிறம் திரும்பி வந்தால், பழுது மேற்பரப்பில்தான் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

கறுப்புப் பாகங்களின் கதை இன்னும் தெளிவானது. கறுப்பு பிளாஸ்டிக்கில் நிறத்துக்காகக் கலப்பது பெரும்பாலும் கார்பன் கரி. அது வெயிலில் வெளுக்காது. போதாததற்கு, புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் பொருளும் அதுதான். ஆகவே கறுப்பு பேனல் சாம்பலாகத் தெரிந்தால், நிறம் போகவில்லை, நிறத்தின் மேல் தூள் படிந்திருக்கிறது என்று பொருள். சிவப்பும் நீலமும் அப்படியல்ல. அவற்றில் நிறமியே சிறிது வெளுத்திருக்கும். கொஞ்சம் கூடுதலாகச் சுரண்ட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய நூறு சிசி வண்டிகளில் பல பேனல்கள் பெயிண்ட் அடித்தே வந்தவை. அவற்றில் வெளுத்திருப்பது பெயிண்ட். அந்தப் பழியை பிளாஸ்டிக்கின் மேல் போடுவது நியாயமில்லை. பூட்டும் காதின் ஓரத்தைச் சற்றுச் சுரண்டினாலே நிறம் உள்ளே ஊறியதா, மேலே அடித்ததா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, எந்த மருந்தும் நிற்பதில்லை என்கிறார்கள். நிற்காததற்குக் காரணம், நோயாளி யார் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது. வண்டியிலுள்ள பிளாஸ்டிக் எல்லாம் ஒரே சாதியல்ல. கடினமான, தட்டினால் ‘டக்’ என்று ஒலிக்கும் பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ். வளைத்தால் வளைந்து திரும்பும் மட்கார்டு பாலிப்ரொப்பிலீன். 1958இல் ஹோண்டா தன் சூப்பர் கப் வண்டிக்கு முன்னால் மாட்டிய அந்தப் பெரிய கால்மறைப்பு பாலிஎத்திலீன். பிற்காலப் பாகங்களின் பின்புறத்தில் எந்த வகை என்று அச்சு வார்க்கும்போதே பொறித்திருப்பார்கள். எண்பதுகளின் பாகங்கள் பலவற்றில் அது இருக்காது. அவற்றின் வகையைக் கண்டுபிடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். உடைந்த சில்லு ஒன்றைப் போடுங்கள். பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் தண்ணீரை விட இலேசானவை, மிதக்கும். ஏபிஎஸ் மூழ்கும். என் பட்டறையில் எந்தப் பாகமும் இந்தச் சோதனை இல்லாமல் மேசைக்கு ஏறாது. பின்னால் வரும் முடிவு எல்லாமே இந்த ஒரு வாளியைப் பொறுத்தது.

ஹீட் கன்னை எடுத்துக்கொள்ளுங்கள். வெளுத்த பம்பரில் அனல் காற்றை ஓட்டியதும் அது கறுத்துப் பளபளக்கும் வீடியோவை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பாலிப்ரொப்பிலீனில் அது உண்மையாகவே வேலை செய்யும். ஏறத்தாழ 160 டிகிரியில் மேற்பரப்பு இளகி, வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. மட்கார்டை மடக்கியதால் விழுந்த வெள்ளைக் கோடுகளும் சூட்டில் மறையும். ஆனால் ஏபிஎஸ் 105 டிகிரிக்கே தளர ஆரம்பித்துவிடும். சாதாரண ஹீட் கன்னின் வாயில் 300 டிகிரிக்கு மேல் அடிக்கிறது. பேனல் அப்பளம்போல நெளிந்துவிடும். அதைப் பார்த்தவர் ‘ஹீட் கன் எல்லாம் ஏமாற்று’ என்கிறார். பாலிப்ரொப்பிலீனிலும் அது பாதி வைத்தியம்தான். கெட்ட படலம் எங்கும் போகவில்லை, உருகி மூடியிருக்கிறது. சில மாத வெயிலில் மறுபடி பூக்கும்.

தேங்காய் எண்ணெய், டீசல், கடையில் விற்கும் சிலிக்கோன் பாலிஷ் எல்லாம் மேலே சொன்ன சிலேட்டு வித்தைதான். வெடிப்புகளை நனைத்து ஒளிச் சிதறலை மறைக்கின்றன. ஒரு மழை, இரண்டு வாட்டர் சர்வீஸ், அதோடு சரி. இடையில் ஊர்த் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நிற்கும் வைத்தியம், கெட்ட தோலை உரித்து எடுப்பது. தச்சர்கள் கலப்பைப் பிடியையும் கைத்தடியையும் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். வெளிநாடுகளில் எழுபது, எண்பதுகளின் மோட்டோகிராஸ் வண்டிகளைச் சீர்செய்பவர்கள் மட்கார்டுகளை அதே முறையில்தான் மீட்கிறார்கள். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து ஒரே திசையில் இழுத்தால், செத்த படலம் மாவாக உதிரும். அதன்பின் வாட்டர் பேப்பர். ஏபிஎஸ் என்றால் 400இல் தொடங்கி 600, 800, 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும். இடையில் எந்த எண்ணையும் விட்டுவிட்டுத் தாவக்கூடாது. ஒவ்வொரு முறையும் முந்தைய கோடுகளுக்குக் குறுக்காகத் தேய்த்தால், எது இன்னும் போகவில்லை என்று தெரியும். வழியும் தண்ணீரைக் கவனியுங்கள். முதலில் பால்போல வெளுத்து ஓடும். பிறகு பேனலின் சொந்த நிறம் தண்ணீரில் இறங்கும். உயிருள்ள பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டீர்கள், அங்கே நிறுத்திக்கொண்டு அடுத்த பேப்பருக்குப் போகலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிமிடம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. கடைசியில் ரப்பிங் காம்பவுண்டு, அதற்கு மேல் மெழுகு.

பாலிப்ரொப்பிலீன் இவ்வளவு பணிவாக நடந்துகொள்ளாது. அழுத்தித் தேய்த்தால் சூடேறி, துணியில் எழும்பும் பிசிறுபோல நார் விடும். புதுப் பேப்பர், நிறையத் தண்ணீர், இலேசான கை வேண்டும். மீந்த நாரை ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து ஒரே ஓட்டில் கருக்காமல் அடக்க வேண்டும். ஏபிஎஸ் அளவுக்குக் கண்ணாடிப் பளபளப்பு அதில் வராது. புதிதாக இருந்தபோதே அதற்கு அந்தப் பளபளப்பு இருந்ததில்லை. தோல்போல சொரசொரப்பு வார்த்த பாகங்களைத் தேய்க்கவே கூடாது, அந்த வரி அழிந்தால் திரும்ப வராது.

பழைய கணினிகளின் மஞ்சளைப் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைக்கும் முறையையும் சிலர் சொல்கிறார்கள். அது மஞ்சளித்த வெள்ளை ஏபிஎஸ்ஸுக்கானது. வெளுத்த சிவப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பெயிண்ட்தான் நிரந்தரம் என்ற வாதத்துக்கு வருகிறேன். ஏபிஎஸ்ஸில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. பாலிப்ரொப்பிலீனில் அப்படிப் பிடிக்காது. வாழையிலையில் விழுந்த தண்ணீர் எப்படி உருண்டு ஓடுகிறதோ, அப்படித்தான் பெயிண்டும் அதில் பரவ மறுக்கும். ஒட்டவைக்க அதற்கென்றே உள்ள பிளாஸ்டிக் பிரைமர் முதலில் வேண்டும். என் வண்டியின் மட்கார்டை ஒரு பட்டறையில் பட்டி வைத்து, பிரைமர் இல்லாமல் அடித்துக் கொடுத்தார்கள். பள்ளத்தில் இறங்கி மட்கார்டு வளைந்தபோதெல்லாம் பெயிண்ட் வெடித்தது, மழைக்காலம் முடிவதற்குள் தகடு தகடாக உரிந்தது. வளைவதற்காகவே செய்த பொருளின் மேல் வளையாத ஓட்டை ஒட்டினால் வேறென்ன நடக்கும்? நிறம் ஊறிய பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம் தெரியும். பெயிண்டில் கீறல் விழுந்தால் அடியிலிருப்பது பல்லிளிக்கும்.

புதுசு மலிவு என்பார்கள். விலை மலிவுதான். உதாரணத்துக்கு, நூறு சிசி வண்டிகளில் ஒன்றான ஆர்எக்ஸ்100 1985இல் வந்து 1996இல் நின்றுபோனது. அந்தக் காலத்து அச்சில் வார்த்த பேனலையும் இன்று கடையில் தொங்கும் டூப்ளிகேட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காது அரை விரல் தள்ளியிருக்கும், கனம் குறைந்திருக்கும், ரப்பர் புஷ்ஷில் இறுகாது. இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினின் அதிர்வில் சில மாதங்களில் காது ஒடியும். சரியாகப் பொருந்தும் பழைய பாகத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, பொருந்தாத புதியதைக் கம்பி போட்டுக் கட்டும் வண்டிகள் நம் ஊரில் எத்தனை!

எல்லாமே பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. காதை விரலால் இலேசாக வளைத்தாலே பிஸ்கட்போல முறிந்தால், வெயில் ஆழம்வரை போய்விட்டது. அந்தப் பாகத்தைப் பொறுத்தவரை பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி. பெட்ரோலோ தின்னரோ பட்டு உள்ளுக்குள் சிலந்திவலைபோல வெடித்த மீட்டர் கண்ணாடியும் திரும்பாது. பழைய ஹெல்மெட்டை மட்டும் மெருகேற்றி மறுபடி தலையில் மாட்டாதீர்கள், அங்கே அழகு பார்க்கக் கூடாது.

பழைய வண்டிகளில் வலது பேனல் இடதை விட அதிகம் வெளுத்திருப்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்பக்கம் சாய்வதால், வலது பக்கம் வானத்தைப் பார்த்து நிற்கிறது. என் அண்ணனின் வண்டியில் அந்த வலது கறுப்பு பேனல் சாம்பல் நிறமாகிப்போனதால்தான் தூக்கிப்போடச் சொன்னார்கள். வாளியில் போட்ட சில்லு மூழ்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் 400 பேப்பரில் உட்கார்ந்தவன் மாலையில் மெழுகு துடைத்து முடித்தேன். இப்போது மூன்று கோடை கழிந்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை மெழுகு, நிற்பது சென்டர் ஸ்டாண்டில், நிழலில். இடது பேனலை நான் தொடவே இல்லை. போன வாரம் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அண்ணனிடம் எது எது என்று கேட்டேன். உட்புறம் திருப்பி, பூட்டும் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்த பிறகே சொன்னார்.