ஐவர் சேர்ந்து நின்றபோது



இம்மாதம் என் தவறு ஒன்றை அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன்.

2009-ஆம் ஆண்டு. மும்பையின் புறநகர் ஒன்றிலுள்ள எங்கள் சபையின் வாலிபச் சகோதரி ஒருவர், தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி வந்தார். தலைப்பிள்ளையைப் பெற்றுப் பேறுகால விடுப்பில் இருந்த நாட்களில், அவரைத் தாழ்ந்த பொறுப்புக்கு மாற்றி ஊதியத்தையும் குறைத்திருப்பதாக நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கைக்குழந்தையோடும் அந்தக் கடிதத்தோடும் அவர் என்னிடம் வந்தார். நான் வாசித்தேன், ஜெபித்தேன். "பொறுத்துக்கொள்ளம்மா. முடியாவிட்டால் விட்டுவிடு. கர்த்தர் வேறு வாசலைத் திறப்பார்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் வேலையை விட்டார்.

சில ஆண்டுகள் சென்று, ஒரு வீட்டுக்கூட்டம் முடிந்தபின் இக்காரியம் பேச்சில் வந்தது. அங்கிருந்த மற்றொரு சகோதரி திகைத்துப் போனார். அவர் வேறொரு நிறுவனத்தில் பணியாளர் நலப் பிரிவில் இருப்பவர். "ஐயா, விடுப்பில் இருக்கிறவளின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாதென்று 1961-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறதே! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், யாரிடம் மனுக் கொடுப்பதென்று காட்டியிருப்பேனே" என்றார்.

அவ்விருவரும் ஆறு ஆண்டுகள் ஒரே பாயில் அமர்ந்து ஆராதித்தவர்கள். ஒருவர் பிள்ளையின் பெயர் மற்றவருக்குத் தெரியும். என்ன வேலை பார்க்கிறார் என்பது மட்டும் தெரியாது. மேய்ப்பனாகிய நானும் அதை விசாரித்து அறிந்ததில்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஏன் தனியாக ஒரு கூட்டம்?

ஊரில் அத்தையும் சித்தியும் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். இங்கே கணவனும் மனைவியும் பூட்டிய கதவும்தான். ஆண்கள் டீக்கடையில் நிற்கிறார்கள், சங்கத்துக்குப் போகிறார்கள். எங்கே ஆள் எடுக்கிறார்கள், எந்த மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அங்கே பேசப்படுகிறது. பெண்ணோ லோக்கல் இரயிலிலிருந்து இறங்கியதும் காய்கறிப் பையோடு அடுப்படிக்கு ஓடுகிறாள். அச்செய்திகள் அவள் செவிக்கு எட்டுவதேயில்லை.

செலொப்பியாத்தின் குமாரத்திகளை எண்ணிப் பாருங்கள். தகப்பனுக்கு மகன் இல்லை என்பதால் காணியாட்சி கைவிட்டுப் போகும் நிலை. ஐவரும் தனித்தனியாய்க் கூடாரங்களில் அழுதுகொண்டிராமல், ஒன்றாகச் சென்று மோசேக்கும் பிரபுக்களுக்கும் சபையனைத்துக்கும் முன்பாக நின்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று தேவனே தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு, பின்வரும் தலைமுறைகளுக்கும் பிரமாணமாயிற்று. ஒருத்தி மட்டும் போயிருந்தால், "பொறுத்துக்கொள்ளம்மா" என்று என்னைப் போல் யாராவது திருப்பி அனுப்பியிருக்கலாம்!

உலக சரித்திரத்திலும் இதைக் காண்கிறோம். 1919-இல் அமெரிக்காவில், லேனா மேடசின் பிலிப்ஸ் என்னும் வழக்கறிஞரின் முயற்சியால் தொழில்புரியும் பெண்களின் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. 1930-இல் அவரே ஜெனிவாவில் அதற்கு ஒரு சர்வதேச அமைப்பையும் ஏற்படுத்தினார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மும்பையின் கிர்காவ் பகுதியில் 1959 மார்ச் 15 அன்று, ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இட்டதுதான் லிஜ்ஜத் நிறுவனத்தின் ஆரம்பம். 1992 மே 5 அன்று சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே பெண்களுக்கென்றே தனி இரயில் ஓடத் தொடங்கியது. அப்பெட்டிகளில் கீரை ஆய்ந்தபடியே எத்தனை நட்புகள் வளர்ந்தன என்பதை நம் சகோதரிகள் அறிவார்கள். விதை ஏற்கெனவே இருக்கிறது; அதற்குப் பாத்தி கட்டுவதே நம் வேலை.

எப்படித் தொடங்குவது?

என் மனைவியும் மூன்று சகோதரிகளும் சேர்ந்து தொடங்கினார்கள். பார்த்துக் கற்றவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, மூன்று நான்கு பேர் போதும். பெரிய விளம்பரம் வேண்டாம். எங்களிடம் முதல் மாதம் ஐவர் வந்தார்கள். இரண்டாம் மாதம் இருவர். மனந்தளராமல் நான்காம் மாதம்வரை நடத்தியபின்னரே கூட்டம் நிலைத்தது.

இரண்டாவது, நாளும் நேரமும் மாறக்கூடாது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை 4 முதல் 5.30 வரை என்று வைத்தோம். இரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இடம் இருக்கட்டும். 5.30-க்கு முடிப்பதாய்ச் சொன்னால் 5.30-க்கு முடியுங்கள். வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, வாசலை அகலத் திறந்து வையுங்கள். நம் சபையார் மட்டுமே கூடினால், எல்லோருக்கும் தெரிந்ததையே எல்லோரும் பேசுவோம். மார்க் கிரனோவெட்டர் என்னும் சமூகவியலார் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்தார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் மட்டுமே. மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவர் மூலமே பெற்றிருந்தார்கள். ஆகையால் எதிர்வீட்டு மராத்திச் சகோதரியும், மாடிவீட்டுக் குஜராத்தி ஆசிரியையும் வரட்டும். இக்கூட்டம் சபைக்கு ஆள் சேர்க்கும் வலை அன்று. அழைக்கும்போதே அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம் அன்பு மெய்யானால் அதுவே சாட்சி.

எப்படி நடத்துவது?

முதல் அரைமணி நேரம், ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம்: நான் செய்யும் வேலை இது, எனக்கு இப்போது தேவைப்படும் உதவி இது, என்னால் கொடுக்கக்கூடிய உதவி இது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். "எனக்கு என்ன தெரியும்?" என்று தயங்கிய செவிலியர் ஒருவர், இரவுப் பணி முடிந்து பாதுகாப்பாய் வீடு சேர என்னென்ன செய்கிறார் என்று சொன்னபோது, கால் சென்டரில் பணிபுரியும் பெண்கள் குறிப்பெடுத்தார்கள்.

அடுத்து ஒரே ஒரு பொருள். ஒரு மாதம் வேலைக்கான சுயவிவரம் எழுதுதல்; ஒரு மாதம் வருங்கால வைப்புநிதி; ஒரு மாதம் சட்டம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகக் குழு இருக்கவேண்டும்; புகாரைச் சாதாரணமாக மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். பத்துக்குக் குறைவானோர் இருந்தாலோ, முதலாளியே குற்றவாளியானாலோ, மாவட்ட அளவிலான குழுவை நாடலாம். பேறுகால விடுப்பு 2017-இல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. அவ்விடுப்பைக் காரணங்காட்டி வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்னும் பாதுகாப்பு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. இவற்றை அறிந்திருப்பது அவிசுவாசமன்று. பவுலும் தாம் ரோமக் குடிமகன் என்பதை வேண்டிய இடத்தில் எடுத்துச் சொன்னாரே!

நாங்கள் இருமுறை இடறினோம். ஒருமுறை புதிதாய் வந்த ஒருவர் சத்துமாவுப் பொட்டலங்களைப் பரப்பி, "நீங்களும் நாலு பேரைச் சேர்த்தால்..." என்று தொடங்கினார். நெட்வொர்க் என்றாலே சங்கிலி வியாபாரம் என்று நம் ஜனங்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அன்றே விதி வகுத்தோம்: இங்கே விற்பனை இல்லை, சீட்டு இல்லை, கடன் இல்லை. மற்றொருமுறை, ஒரு சகோதரி கண்ணீரோடு சொன்ன அலுவலகக் காரியம் வெளியே போய், அவருடைய மேலதிகாரியின் காதுவரை எட்டியது. அவர் அதற்குப் பிறகு வரவில்லை. மன்னிப்புக் கேட்டும் திரும்பவில்லை. அன்றுமுதல், கேட்டதை வெளியே பேசமாட்டோம் என்று ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவிலோ வேலைவாய்ப்புச் செய்தியும் கூட்ட அறிவிப்பும் மட்டுமே.

தலைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாறட்டும். அதிகம் பேசுகிறவரைவிட, பேசாதிருப்பவரைக் கவனித்துப் பேசவைப்பவரே நல்ல தலைவி. தேநீர்ச் செலவுக்குத் தலைக்கு 20 ரூபாய் போதும். அந்தக் கணக்கையும் மாதந்தோறும் வாசித்துக் காட்டுங்கள். போதகர்கள் தலைமை தாங்க வேண்டாம். நான் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

சகோதரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை நீங்கள் பாருங்கள். உங்கள் மனைவியின் ஊதியம் வீட்டுக்கு வேண்டும், அவருக்கு உதவும் தோழியர் மட்டும் வேண்டாம் என்பது நியாயமாகுமா? பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் ஒரே தொழிலைச் சேர்ந்து செய்தவர்கள் என்பதை மறவாதிருங்கள்.

அந்த 2009-ஆம் ஆண்டுச் சகோதரியிடம் பின்னர் நான் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் ஜெபித்தீர்களே, ஐயா" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு ஆறுதலாயிருக்கவில்லை. பதினொரு ஆண்டு இடைவெளிக்குப் பின், கூட்டத்துக்கு வந்த மராத்திச் சகோதரி ஒருவர் சொன்ன தகவலால், ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இழந்த ஆண்டுகளின் ஊதியமும் பதவியும் திரும்பி வரவில்லை. இன்று கூட்டத்தின் தேநீர்க் கணக்கை அவர்தான் வாசிக்கிறார். ஒரு ரூபாய்கூடப் பிசகுவதில்லை.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் சகோதரியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?" அங்கிருந்து தொடங்கட்டும்.

கர்த்தர் தாமே உங்கள் கைகளின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக.