ஏலங்கூறுவோனே எடுத்துக்கொள்வதா?

மல்லைக் கடற்கரையில், கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் கோவளத்திலும், படகு கரையேறியதும் மணலில் மீன் குவிக்கப்பெறும். சுற்றி நிற்போர் கண்காண ஏலம் நடைபெறும். கேட்போர் இருவர் ஒரே விலையில் வந்து நிற்கும்பொழுது, ஏலங்கூறுவோன், “இனி ஆளுக்கொரு சீட்டில் கமுக்கமாக எழுதித் தருக, நான் பார்த்து முடிவு சொல்வேன்” என்று கூறுகின்றான் என்று கொள்வோம். அவ்விருவருள் ஒருவன் அவனுடைய வீட்டாளாகவும் இருந்துவிட்டால்? மறுநாள் அக்கரையில் அவன் வாய்திறக்க முடியுமா? மீன்கூடை சுமக்கும் மூதாட்டியே அவனை மடக்கிக் கேட்டுவிடுவாள்!

அம்மூதாட்டி பொறுக்காத ஒன்றைத்தான், கோடிகள் புரளும் மட்டைப்பந்து ஏலத்தில், கற்ற நாடு கைதட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

2008 சனவரியில் ‘ஐ.பி.எல்.’ போட்டிக்குரிய அணிகள் ஏலம் விடப்பட்டன. சென்னை அணியை 9 கோடியே 10 இலக்கம் அமெரிக்கத் தாலருக்கு எடுத்தது ‘இந்தியா சிமெண்ட்சு’ நிறுவனம். அதன் மேலாண் இயக்குநர் என். சீனிவாசன், ஏலம் நடத்திய இந்திய மட்டைப்பந்துக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு அக்காலை பொருளாளர். வாரியப் பொறுப்பாளர் எவரும் வாரியப் போட்டிகளில் நேராகவோ மறைமுகமாகவோ வணிகநலன் கொண்டிருத்தலாகாது என்று அதன் 6.2.4-ஆம் விதி தடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவ்விதியே திருத்தப்பட்டது, ஐ.பி.எல். போட்டிக்கு அத்தடை இல்லை என்று வாரியமே எழுதிக்கொண்டது. வேலியைத் தாண்டவில்லை, வேலியையே பெயர்த்துத் தள்ளி நட்டுக்கொண்டனர்! 2011-இல் அவரே வாரியத் தலைவருமானார்.

ஆட்டக்காரர் கைமாற்றத்தில் இதன் விளைவைக் காண்க. இராசத்தான் அணியிலிருந்த இரவீந்திர சடேசா, மும்பை அணியுடன் நேரிற் பேசினார் என்பதற்காக 2010-ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். தண்டித்தவர் போட்டி நடத்துவோரே. 2012 பிப்பிரவரி 4 அன்று பெங்களூர் ஏலத்தில் அதே ஆட்டக்காரர்க்காகச் சென்னை அணியும் ‘டெக்கான் சார்சர்சு’ அணியும் 20 இலக்கம் தாலர் என்னும் மேல்வரம்பில் வந்து நின்றன. முடிவு கமுக்கச் சீட்டுக்கு விடப்பட்டது. வென்றது சென்னை அணி. சீட்டில் எழுதிய மிகைத்தொகை ஆட்டக்காரர்க்கன்று, வாரியத்திற்கே உரியது. அஃது எவ்வளவு என்பதும் மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. சீட்டெழுதிய அணியின் நிறுவனத்திற்கும் சீட்டை வாங்கிய வாரியத்திற்கும் தலைமை ஒருவரே!

அச்சீட்டில் சூழ்ச்சி நடந்தது என்பதற்கு மெய்ப்பு ஏதுமில்லை. நடந்தது என்று கூறுவது நடுவுநிலையும் ஆகாது. ஆனால், நேர்மையாகவே நடந்திருந்தாலும் அதனை உலகம் நம்புதற்கு வழியில்லாமற் போயிற்று. நலமுரண் என்னும் நோயின் கொடுமை இதுவே. அது குற்றவாளிக்கு மறைவிடம் தருகின்றது. குற்றமற்றவனையும் ஐயத்திற்கு ஆளாக்குகின்றது.

இந்நோய் இங்கு மட்டும் உள்ளதன்று. அமெரிக்கக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு, 2010 திசம்பரில் நியூ ஆர்லியன்சு அணியைத் தானே விலைக்கு வாங்கியது. ஓராண்டு கழித்து அவ்வணியினர் கிறிசு பால் என்னும் ஆட்டக்காரரை ‘லேக்கர்சு’ அணிக்கு மாற்ற உடன்பட்டபொழுது, கூட்டமைப்பின் ஆணையர் தேவிட் சுடெர்ன் தடுத்துவிட்டார். தடுத்தது உரிமையாளர் கையா, நடுவர் கையா? போட்டியிடும் பிற அணிகளின் முதலாளிகளே அவ்வணிக்கும் கூட்டு முதலாளிகளாக இருந்தமையால், எவ்விடை கூறினும் ஐயம் தீரவில்லை.

மருந்தைத் தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. பழைய செங்கழுநீர்ப்பட்டு மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என அங்கும் வாரியங்கள் இருந்தன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லன். அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன் எனச் சுற்றத்தாரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அக்கல்வெட்டு ஒவ்வோர் உறவாக எண்ணிச் சொல்கின்றது. வெறுங்குடத்தை அவையோர் அனைவரும் காண உயர்த்திக் காட்டிய பின்னரே ஓலைகள் இடப்பட்டன. எடுத்தவன் ஏதுமறியாச் சிறுவன். மறைநூல் வல்லாரையும் நிலமுடையாரையுமே ஏற்ற அப்பார்ப்பன ஊரவை, குடியாட்சி என்று கொண்டாடத் தக்கதன்று. ஆயினும் தம்முள் எவரையும் கண்மூடி நம்பாமல் விதி செய்த அறிவு அங்கிருந்தது.

அவ்வறிவு 2008-இல் இல்லாமற்போனதன் விலை 2013-இல் தெரிந்தது. பந்தயச் சூதாட்ட வழக்கில் தளைப்பட்ட சென்னை அணிப் பொறுப்பாளர், வாரியத் தலைவரின் மருமகன்! 2015 சனவரி 22 அன்று உச்ச நயன்மன்றம், சீனிவாசன் குற்றத்தை மூடிமறைத்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறியது. ஆயினும் அவ்விதித் திருத்தத்தைச் செல்லாதாக்கியது. அவ்வாண்டு சூலையில் சென்னை, இராசத்தான் அணிகளை நடத்திய நிறுவனங்கள் ஈராண்டு விலக்கப்பட்டன.

அன்று தமிழர் பலர், “நம் அணியை வடவர் ஒடுக்கிவிட்டனர்” என்று குமுறினர். வடவர் வல்லாண்மையை எதிர்ப்பது வேறு. நம்மவர் என்பதற்காகப் பிழையைப் போர்த்துவது வேறு. நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழியினர்க்கு இரண்டாவது ஒவ்வாது. சென்னை என்னும் பெயரை ஒரு முதலாளியின் அணி தாங்குவதாலேயே அது தமிழர் உடைமை ஆகிவிடாது.

நோய் முற்றும் தீரவுமில்லை. நலமுரண் தடுக்கும் விதிகள் 2018-இல் வாரியத்திற்கு வகுக்கப்பட்டன. ஆனால் அவற்றைக் காக்கும் நெறியலுவலரை அமர்த்துவது வாரியமே. 2023-இல் ஆர்த்திக்கு பாண்டியா குசராத்து அணியிலிருந்து மும்பை அணிக்கு மாறியபொழுது, அணிகளுக்கிடையே கைமாறிய தொகை மக்களுக்கு வெளியிடப்படவில்லை.

அவ்வாரியம் பதிவு பெற்றிருப்பது 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ். விளையாட்டு, அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 33-ஆம் இனம். எனவே தமிழக அரசு கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. போட்டி நடத்துவோரும் அவர்தம் சுற்றத்தாரும் அணிகளில் பங்குகொள்ளலாகாது. ஆட்டக்காரர் கைமாற்றத் தொகை ஒவ்வொன்றும் வெளியிடப்பெறல் வேண்டும். கைமாற்ற வழக்குகளை வாரியம் அமர்த்தாத நடுவரே தீர்த்தல் வேண்டும். இம்மூன்றையும் சட்டமாக்கக் கேட்பது தமிழர் கடமை.

ஏலங்கூறுவோன் ஏலமெடுக்கலாகாது. மல்லை மணலில் செல்லும் இந்நெறி, மாளிகை ஏலத்திலும் செல்லுதல் வேண்டும்!