பாலைவனத்தில் வண்டியை நிறுத்துங்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு நாலைந்து மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று சித்திரை, வைகாசியில் விமானம் ஏறும் தாய் தந்தையர் இல்லாத தெரு இன்று நம் நகரங்களில் அபூர்வம். வந்தவர்களுக்கு அந்நாட்டின் அற்புதங்களில் சிலவற்றையாவது கண்குளிரக் காட்டிவிட வேண்டும் என்ற ஆவலில் பிள்ளைகளும், சமையலறையும் படுக்கையும் கழிப்பறையும் உள்ளடங்கிய ஒரு வீட்டு வண்டியை வாடகைக்குப் பிடித்து, ஸயான், ஆர்ச்சஸ், கிராண்ட் கான்யன், ஜாஷுவா ட்ரீ, டெத் வாலி என்று ஐந்தாறு பாலைவனத் தேசியப் பூங்காக்களைப் பத்து நாட்களுக்குள் சுற்றி வருவதாக ஒரு பிரயாணத் திட்டம் வகுத்துவிடுகிறார்கள். அன்பினால் வகுக்கப்படும் திட்டம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அதில் காலமும் பிழை, வேகமும் பிழை என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். பாலைத் திணைக்குப் பொழுது வகுத்த தொல்காப்பியர், வேனிலும் நண்பகலும் அதற்குரியன என்று விதித்ததோடு நில்லாமல், பின்பனியும் அதற்கு உரியது என்று சேர்த்துச் சொன்னார். மாசியும் பங்குனியுமான அந்தப் பின்பனியைப் பாலையோடு அவர் இணைத்ததற்கு, வழிநடப்போனுக்கு அந்நிலம் வழிவிடும் பருவம் அது என்பதாக நான் பொருள் கொள்வதுண்டு. அவர் மனத்திலிருந்த பாலை வேறு, கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனம் வேறு என்பதை நான் அறியாதவனல்லன். எனினும், மொஹாவிக்குச் செல்லவும் உகந்த பருவம் அந்த இரண்டு மாதங்களே என்பதை அங்கே ஒரு வாரம் தங்கியவர் எவரும் ஒப்புக்கொள்வர்.

மொஹாவியைச் சேர்ந்த டெத் வாலியின் மிகத் தாழ்வான இடமாகிய பேட்வாட்டர், சமுத்திர மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கிறது. இருபுறமும் மலைச்சுவர் எழும்பி நிற்க, சூடேறி மேலெழும் காற்று வெளியேற வழியின்றிக் குளிர்ந்து மீண்டும் பள்ளத்துக்கே இறங்கி, இறங்கும்போது அமுக்கப்பட்டு மறுபடியும் சூடேறுவதால், அந்தப் பள்ளத்தாக்கு கோடையில் ஓர் உலைக்களமாகிவிடுகிறது. அங்குள்ள ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10-ஆம் தேதி பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் உச்ச வெப்பமென்று இன்றளவும் ஏட்டில் நிற்கிறது. 2024 ஜூலையில் மோட்டார் சைக்கிளில் அவ்வழி சென்ற ஒரு குழுவில் ஒருவர் வெப்பத்தால் உயிரிழந்தபோது, சூடேறி மெலிந்த காற்று ஹெலிகாப்டரைத் தாங்காது என்ற காரணத்தால், மீட்பு ஹெலிகாப்டர் அங்கே வர இயலவில்லை. அறுபதைத் தாண்டிய தந்தையையும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் தாயையும் அந்த மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்வது எவ்விதத்திலும் நியாயமாகாது.

அந்த நிலத்தைத் தங்கள் வீடாகக் கொண்ட டிம்பிஷா ஷோஷோனி மக்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்தாலே நமக்கு விடை கிடைத்துவிடும். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் தங்கி, கோடை முற்றும்போது மேற்கேயுள்ள பானமின்ட் மலைகளுக்கு ஏறிச் செல்வது அவர்கள் வழக்கம். 1849-இல் தங்கம் தேடிப் புறப்பட்டு வழிதவறி வந்த அந்நியர்கள் வைத்த பெயர்தான் டெத் வாலி, அதாவது மரணப் பள்ளத்தாக்கு. பருவமறிந்து வாழ்ந்தவர்களுக்கு அது மரணத்தின் இருப்பிடமாக இருந்ததில்லை. 2000-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க அரசாங்கம் சட்டமியற்றி அவர்களுடைய தாயகத்தின் ஒரு பகுதியை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. ஆடி, ஆவணியில் வரும் மழையும் அங்கே எளிதானதன்று: 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் எச்சம் ஓராண்டு மழையை ஒரே நாளில் கொட்டிச் சாலைகளை அறுத்தெறிந்ததில், அந்தப் பூங்கா அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிக்கிடந்தது.

இனி வண்டிக்கு வருவோம். ஆர்.வி. என்று அந்நாட்டார் சுருக்கிச் சொல்லும் இந்த வாகனத்தை, சினிமாப் படப்பிடிப்புகளில் நட்சத்திரங்கள் இளைப்பாறும் 'கேரவன்' என்ற பெயரில் நம்மவர்கள் நன்கு அறிவார்கள். குடும்பங்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பது, ஓட்டுநர் தலைக்கு மேலும் ஒரு படுக்கை அமைந்த நடுத்தர வண்டியை. அதன் வயிற்றில் மூன்று தொட்டிகள் உண்டு: குடிக்கவும் குளிக்கவும் நல்ல நீர்த் தொட்டி ஒன்று, கைகழுவும் நீரும் குளித்த நீரும் சேரும் தொட்டி ஒன்று, கழிப்பறைத் தொட்டி ஒன்று. முதலாவது காலியாகாமலும் மற்ற இரண்டும் நிறையாமலும் பார்த்துக்கொள்வதே இந்தப் பிரயாணத்தின் சாரம். எந்த முகாமில் நல்ல நீர் பிடிக்கலாம், எந்த முகாமில் 'டம்ப் ஸ்டேஷன்' எனப்படும் கழிவிறக்கும் இடம் உண்டு என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அதன்பின்பு வழியைத் தீர்மானிப்பதே விவேகம். மைல் கணக்கில் திட்டம் போடுகிறவர்கள் தண்ணீர்க் கணக்கில் தோற்றுப்போகிறார்கள்.

ஜாஷுவா ட்ரீ பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எட்டு லட்சம் ஏக்கர் விஸ்தாரமுள்ள அந்தப் பிரதேசத்தில், பெரும்பாலான முகாம்களில் ஒரு குழாய்கூடக் கிடையாது. பிளாக் ராக், காட்டன்வுட் ஆகிய இரண்டு முகாம்களில்தான் நல்ல நீரும் கழிவிறக்கும் வசதியும் உண்டு. மின்சார இணைப்பு எங்கும் இல்லை. குடிப்பதற்கு மட்டும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் என்பது பூங்கா நிர்வாகத்தார் சொல்லும் குறைந்த அளவு. வண்டியின் தொட்டி சுமார் 150 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் திறந்துவிடுவதுபோல் ஷவரைத் திறந்துவிட்டு நாலு பேர் குளித்த மாத்திரத்தில் அது தீர்ந்துபோகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், என் அக்காள் மகன் வண்டியோட்ட, அக்காளும் நானும் அந்தப் பூங்காவின் ஜம்போ ராக்ஸ் முகாமில் மூன்று இரவு தங்கினோம். யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பதுபோல் உருண்டை உருண்டையான பாறைகள் சூழ்ந்த இடம். பொழுது சாயும் நேரத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, பள்ளமான பக்கத்துச் சக்கரங்களின் அடியில் பலகை கொடுத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான் பையன். உள்ளே எட்டிப் பார்த்தால், தொட்டியின் அளவு காட்டும் நாலு சிறு விளக்குகளில் இரண்டுதான் எரிந்தன. வந்த வழியிலேயே பாதி தீர்ந்திருந்தது. அவன் முகம் வாடிப்போயிற்று. சாத்தூர் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் அரை மைல் நடந்து கிணற்றில் நீரிறைத்து வளர்ந்தவள் என் அக்காள். "ஏப்பா, ஒரு வாளித் தண்ணில நாலு பேரு மேலுக்கு ஊத்திக்கிடலாமே, இதுக்கு எதுக்குக் கொழாயத் தெறந்து விடுற?" என்றாள். அந்த மூன்று நாளும் குழாயைத் திறக்கும் அதிகாரம் அவள் ஒருத்தியிடமே இருந்தது. பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்தெடுத்த பிறகு ஒரு சொம்பு நீரில் கழுவினாள். அரிசி களைந்த நீரைக் கொட்டாமல் பருப்புச் சட்டி ஊறவைக்க வைத்துக்கொண்டாள். நாலாம் நாள் காலை நாங்கள் புறப்பட்டபோதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வறண்ட சீமைகளில் பிறந்த நம் தாய்மார்களுக்கு இந்தப் பிரயாணத்தில் கற்றுக்கொடுக்க நிறைய உண்டு; பிள்ளைகள் அவர்களைக் கேட்டுக்கொண்டு திட்டம் போடுவது நல்லது.

தண்ணீரை முதலில் எண்ணிப் பிரயாணம் செய்வது அந்த நிலத்துக்கும் புதிதன்று. 1883 முதல் 1888 வரை டெத் வாலியின் ஹார்மனி ஆலையிலிருந்து வெண்காரத்தை ஏற்றிக்கொண்டு, 165 மைல் தொலைவிலிருந்த மொஹாவி ரயிலடிக்குச் சென்ற, 'இருபது கோவேறு கழுதை வண்டி' என்று பெயர்பெற்ற வண்டித்தொடர்கள், சரக்கு வண்டி இரண்டின் பின்னால் 1,200 காலன் கொள்ளும் நீர்த்தொட்டி ஒன்றையும் தவறாமல் இழுத்துச் சென்றன. அந்த வெண்கார வியாபாரத்தில் செல்வம் ஈட்டிய ஸ்டீபன் மேதர் என்பவரே பிற்காலத்தில், 1916-இல் நிறுவப்பட்ட தேசியப் பூங்காத் துறைக்கு முதல் இயக்குநரானார்.

வேகத்தைப் பற்றி எனக்கு இதைவிட வருத்தம் அதிகம். பத்து நாளில் ஆறு பூங்கா என்றால், பகலில் பாதி சாலையில் போகும். மீதி, பெட்ரோல் போடுவதிலும் முகாமில் வண்டியை மட்டம் செய்வதிலும் கழிவிறக்குவதிலும் கழியும். ஒரு காலனுக்குப் பத்து மைல் ஓடுவதே பெரிது என்னும் அந்தக் கனத்த வாகனம், ஓடுவதற்காக அல்ல, நிற்பதற்காகவே செய்யப்பட்டது என்று நான் கருதுகிறேன். எட்வர்ட் ஆபி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1956, 1957-ஆம் ஆண்டுகளில் ஆர்ச்சஸில் பருவகாலக் காவலராகப் பணியாற்றிய அனுபவத்தை 'டெசர்ட் சாலிடேர்' என்ற நூலாக 1968-இல் வெளியிட்டு, தேசியப் பூங்காக்களுக்குள் மோட்டார் வாகனங்களையே விடக்கூடாது என்று வாதாடினார். அந்த அளவுக்குப் போக எனக்குச் சம்மதமில்லை; முழங்கால் வலியோடு வரும் முதியவர்களுக்கு வாகனமின்றிப் பாலைவன தரிசனம் கிட்டாது. ஆனால் ஆபி அங்கே குடியிருந்ததும் அரசாங்கம் கொடுத்த ஓர் இழுவண்டி வீட்டில்தான் என்பதையும், அந்த வீடு பருவம் முழுவதும் ஓரிடத்திலேயே நின்றது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நின்றால்தான் தெரியும் விஷயங்கள் அங்கே பல. ஜாஷுவா மரம் பூப்பது பெரும்பாலும் இந்தப் பின்பனியில்தான். அதன் மகரந்தத்தை ஒரு சிறிய அந்துப்பூச்சி திரட்டியெடுத்து, வேறொரு பூவின் சூல்முடியில் தானே திணித்து, அந்தப் பூவிலேயே முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் விதைகளில் சிலவற்றைத் தின்று வளர, எஞ்சிய விதைகளால் மரம் தழைக்கிறது. அந்தப் பூச்சியின்றி அந்த மரமில்லை, மரமின்றிப் பூச்சியுமில்லை. கறுத்துப் பொருக்குத் தட்டிக் கிடக்கும் மண் என்று நாம் மிதிக்க நினைப்பதும் உயிருள்ளதே. நுண்ணுயிர்களும் பாசிகளும் லைக்கன்களும் மணலைப் பின்னிப் பிணைத்த அந்தப் படலத்தில் ஒரு சக்கரத் தடம் பதிந்தால், ஆறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் அரசாங்க முடக்கத்தின்போது, காவலர் குறைந்த ஜாஷுவா ட்ரீயில் சிலர் வண்டிகளைச் சாலைக்கு வெளியே செலுத்தியும் மரங்களைச் சாய்த்தும் செய்த சேதத்தை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதைக்கிறது.

ஆகவே என் யோசனை இது. ஒரு வாரம் கிடைத்தால் இரண்டே பூங்காக்கள் போதும். ஜாஷுவா ட்ரீயில் மூன்று இரவு. ஒரு பகல் முழுவதும் ஆம்பாய், கெல்ஸோ வழியாக மொஹாவியைக் குறுக்கே கடக்கும் இருநூறு மைலுக்கு மேற்பட்ட சாலை. பிறகு டெத் வாலியில் நாலு இரவு. வண்டி 25 அடிக்கு மேற்படாமல் இருக்கட்டும். சில முகாம்களில் அதைவிட நீண்டவற்றுக்கு இடமே கிடையாது. மலை ஏறும்போது குளிர்சாதனத்தை அணைத்துவிடுங்கள், இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள். ஜி.பி.எஸ். காட்டும் குறுக்கு வழிகளை டெத் வாலியில் நம்பாதீர்கள் என்று நிர்வாகத்தாரே எச்சரிக்கிறார்கள்; காகித வரைபடம் ஒன்று கையிலிருக்கட்டும். ஜாஷுவா ட்ரீயில் இரவு உறைபனியளவுக்குக் குளிரும் என்பதால், கம்பளிக்குக் குறை வைக்க வேண்டாம். ஜெனரேட்டரை அனுமதித்த வேளைகளில்கூடச் சிக்கனமாக இயக்குங்கள். டெத் வாலி 2013-லும் ஜாஷுவா ட்ரீ 2017-லும் இருள்வானப் பூங்காக்களாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றவை. பால்வீதி தலைக்கு மேல் கரைபுரண்டு ஓடும் அந்த இரவில், அடுத்த குடும்பத்தின் நிசப்தமும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கிறது.

சித்திரையில் வரவிருக்கும் பெற்றோரை இரண்டு மாதம் முன்னதாக, தையின் கடைசியில் வரச்சொல்லுங்கள். அந்த முகாம்களில் முன்பதிவு ஆறு மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. மாசியில் இடம் வேண்டுவோர் ஆவணியிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும்.